கிணத்துல பாதி, தண்ணியில மூணு அரைக்கால்

எங்கள் சேத்தூர்ப் பக்கம் முழுக் கிணறு சொந்தமாக வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கெல்லாம் கிணற்றில் பங்குதான் உண்டு. தாத்தா வெட்டிய கிணறு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதி ஆகும். அப்பாவின் பாதி அண்ணன் தம்பிக்குள் கால் காலாகும். அடுத்த தலைமுறையில் அது அரைக்கால். அதற்கும் அடுத்தது வீசம், அதாவது பதினாறில் ஒன்று. பழைய பத்திரம் எதையாவது விரித்துப் பாருங்கள். நிலத்துக்கு நான்கெல்லை எழுதி முடித்த கையோடு கிணற்றுப் பங்கு, வாய்க்கால் பாத்தியம் என்று பின்னமாகவே போய்க்கொண்டிருக்கும்.

என் ஆச்சிக்குப் படிப்பு கிடையாது. ஆனால் ஒரு படியில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு என்று கை தானாக அளக்கும். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்து மனுஷி. 1957-ல் நயா பைசா வந்து நூறு காசு ஆனது. அடுத்த சில வருஷத்தில் கிலோவும் லிட்டரும் வந்தன. பின்னம் அடுப்படியை விட்டும் கடைவீதியை விட்டும் போய்ப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. அன்றாடம் புழங்காத பொருளைக் கண்டால் பயம் வரத்தானே செய்யும்? இப்போது பிள்ளைகள் பின்னத்தைக் கண்டால் நல்லபாம்பைக் கண்ட மாதிரி பின்னால் போகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். நானும் ஒரு காலத்தில் ராஜபாளையம் போய்க் கணக்குப் படித்தவன் என்பதால், சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டி முடித்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவாள். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். அதே கணக்கில் கீழே ஒரு கோடு போட்டு வகுத்தல் வந்துவிட்டால் பேனா நின்றுவிடும்.

"மாமா, பின்னம் மட்டும் இல்லைன்னா இந்தப் பாடத்துல எனக்கு ஒரு மார்க் போகாது."

அவளுக்குப் பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுக்க ஆசை. அவள் அப்பாவோ, "கணக்குல மார்க் இல்லைன்னா மில்லுதான், பஸ்ஸு வாசல்லயே வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வட்டாரத்தில் இது சும்மா சொல்லும் பேச்சு இல்லை. ராஜபாளையத்தைச் சுற்றிப் பஞ்சாலைகள். வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிவிட வண்டி வருகிறது. பத்தாம் வகுப்போடு அந்த வண்டியில் ஏறிய பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆக, ஒரு கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணைக் கண்டு பயந்தால் அது பரீட்சையோடு முடிகிற விஷயம் இல்லை.

புத்தகத்தில் இருக்கும் ரயில் கணக்கும் படகுக் கணக்கும் அவளுக்கு ஒட்டவில்லை. அதனால் அவர்கள் வீட்டுக் கிணற்றையே கணக்காக்கினேன். அந்தக் கிணறு அவள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. பத்திரப்படி ஆளுக்குப் பாதி. பெரியப்பாவுக்கு ஏழரை எச்.பி. மோட்டார், இவர்களுக்கு அதைவிடச் சின்னது, அதுவும் பழசு. மும்முனைக் கரண்ட் வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுவார்கள். யார் முந்துவது என்று ஒரு ஓட்டமே நடக்கும். இரண்டும் சேர்ந்து ஓடினால் மூணே முக்கால் மணி நேரத்தில் புட்வால்வு காற்றை இழுக்கும். சின்ன மோட்டார் தனியாக இறைத்தால் பெரியதைவிட நாலு மணி நேரம் கூட ஆகும் என்று வைத்தேன். கணக்கு நேராக முடியட்டும் என்று எண்களை லேசாகத் தட்டிச் சீர் செய்தேனே தவிர, கிட்டத்தட்ட அது அவர்கள் கிணறுதான். ஊற்று சுரப்பதை அப்போதைக்குக் கணக்கில் சேர்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயர். நான் மணிக்கு 'ம' என்று போட்டேன். பெரிய மோட்டார் தனியாக இறைக்க ம மணி நேரம். சின்னதுக்கு ம + 4.

பெரியது ஒரு மணி நேரத்தில் கிணற்றில் எவ்வளவு இறைக்கும்? 1/ம. சின்னது 1/(ம + 4). இரண்டும் சேர்ந்து மூணே முக்கால் மணியில் முடிக்கின்றன. மூணே முக்கால் என்பது 15/4. அப்படியானால் ஒரு மணிக்கு 4/15 கிணறு. எழுதினால்:

1/ம + 1/(ம + 4) = 4/15

"பாத்தீங்களா, மூணு பின்னம்" என்றாள்.

மூணு பின்னம்தான். அதைச் சுமந்துகொண்டே கடைசி வரை போக வேண்டும் என்று யார் சொன்னது? அறுப்பு வயலுக்குள் இறங்கும்போது செருப்பை வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தானே இறங்குகிறோம். கீழே இருக்கிற மூன்றும் என்னென்ன? ம, ம + 4, 15. மூன்றுக்கும் பொதுவான மடங்கு 15 × ம × (ம + 4). சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும், ஒரு உறுப்பு விடாமல், அதனால் பெருக்கு. முதல் உறுப்பில் ம அடிபடும், இரண்டாவதில் ம + 4 அடிபடும், வலப்பக்கம் 15 அடிபடும்.

15(ம + 4) + 15ம = 4ம(ம + 4)

பின்னம் போயே போச்சு. விரித்தால்:

30ம + 60 = 4ம² + 16ம

எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து இரண்டால் வகுத்தால்:

2ம² − 7ம − 30 = 0

இதை அவளே காரணிப்படுத்திவிட்டாள். (ம − 6)(2ம + 5) = 0. ம = 6. இல்லையென்றால் ம = −2½. பெரிய மோட்டாருக்கு ஆறு மணி நேரம், சின்னதுக்குப் பத்து. சரிபார்க்க 1/6-ஐயும் 1/10-ஐயும் கூட்டச் சொன்னேன். 16/60, சுருக்கினால் 4/15. சரி.

பின்னம் உள்ள இருபடிச் சமன்பாட்டில் புது வித்தை என்று எதுவும் இல்லை. முதல் அடியிலேயே பொது மடங்கால் பெருக்கிப் பின்னத்தை அனுப்பிவிட்டால், மிஞ்சுவது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு.

இது நம்ம ஆட்களுக்கு என்றைக்கோ தெரிந்த வழிதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடி மனப்பாடம் செய்த காலத்தில் கீழ்வாய் இலக்கம் என்று ஒரு தனி வரிசையே உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம் ஒரு பக்கம். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி என்று இன்னொரு பக்கம். ஏன் 320 என்று யோசித்துப் பாருங்கள். 320-ஐ இரண்டால், நாலால், எட்டால், பதினாறால், அஞ்சால், பத்தால், இருபதால், நாற்பதால், எண்பதால் மிச்சம் இல்லாமல் வகுக்கலாம். கால் என்றால் 80 முந்திரி. அரைக்கால் 40. வீசம் 20. மா 16. காணி 4. எந்தப் பின்னத்தோடு எதைக் கூட்டுவதானாலும் எல்லாவற்றையும் முந்திரியாக்கிவிட்டால் முழு எண் கூட்டல்தான். நாம் பொது மடங்கு என்கிறோம். அவர்கள் அதற்கு ஒரு பெயரையே வைத்துப் பிள்ளைகள் நாக்கில் ஏற்றிவிட்டார்கள். அதிலும் பத்தவில்லை என்றால் முந்திரியையே 320 கூறு போட்டுக் கீழ்முந்திரி என்றார்கள்.

ஆனால் 320 மூன்றால் வகுபடாது. மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்க வந்தால் முந்திரிக் கணக்கு நேராக முடியாது, மிச்சம் விழும். கூட்டத்தில் மூன்று கிளைகள் இருக்கும் வீட்டில் பாகப்பிரிவினை இழுத்துக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அதற்கு வேறு நூறு காரணம் இருக்கிறது.

மறுநாள் அவள் வேறு சந்தேகத்தோடு வந்தாள். "காரணி சட்டுன்னு தெரியலைன்னா? வர்க்கப் பூர்த்தி பண்ணச் சொல்றாங்க. அப்ப மறுபடியும் பின்னம் வருதே மாமா."

நியாயமான கேள்வி. 2ம² − 7ம − 30 = 0-ஐப் புத்தக முறைப்படி இரண்டால் வகுத்தால் 7/2 வரும். அதில் பாதி 7/4. அதன் வர்க்கம் 49/16. விரட்டிய பாம்பு கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்த கதை. இதற்கும் ஒரு வழி ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. ஸ்ரீதரர் என்ற கணக்கர் சொன்னது. அவருடைய இயற்கணித நூல் நம் கைக்குக் கிடைக்கவில்லை. பிற்பாடு வந்த பாஸ்கரர் தன் பீஜகணிதத்தில் அவர் விதியை எடுத்துச் சொன்னதால் அது பிழைத்தது. வகுக்காதே, பெருக்கு என்பதுதான் அதன் சாரம். ம²-க்கு முன்னால் இருக்கும் எண்ணின் நாலு மடங்கால் இரண்டு பக்கமும் பெருக்கு. பிறகு ம-வுக்கு முன்னால் முதலில் இருந்த எண்ணின் வர்க்கத்தை இரண்டு பக்கமும் கூட்டு.

நம்ம கணக்கில் ம²-க்கு முன்னால் 2. நாலு மடங்கு 8.

16ம² − 56ம = 240

ம-வுக்கு முன்னால் இருந்தது 7. வர்க்கம் 49. இரண்டு பக்கமும் கூட்டினால்:

16ம² − 56ம + 49 = 289

இடப்பக்கம் (4ம − 7)-ன் வர்க்கம். வலப்பக்கம் 17-ன் வர்க்கம். ஆக 4ம − 7 என்பது 17 அல்லது −17. 4ம = 24 என்றால் ம = 6. 4ம = −10 என்றால் ம = −2½. நடுவில் ஒரு பின்னம்கூட எட்டிப் பார்க்கவில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்யும் சூத்திரத்தின் அடியில் 2அ என்று நிற்கிறதே, வர்க்கமூலத்துக்குள் 4அஇ என்று நிற்கிறதே, இரண்டும் எங்கிருந்து வந்தன என்று இந்த வழியில் போட்டுப் பார்த்தால் தெரியும். மனப்பாடம் மறந்துபோனாலும் வழி மறக்காது.

பாஸ்கரர் பெயரைச் சொன்னதும் அவர் கணக்கு இரண்டைப் போட்டுக் காட்டினேன். 1150-ல் எழுதிய லீலாவதியில் ஒரு வண்டுக் கூட்டம் வரும். கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் அளவு வண்டுகள் மல்லிகைப் பக்கம் போய்விட்டன. மொத்தக் கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போய்விட்டது. மிச்சம் ஒரு ஜோடி. ஆண் வண்டு மணத்துக்கு ஆசைப்பட்டுத் தாமரைக்குள் மாட்டிக்கொண்டது, பெண் வண்டு வெளியே சுற்றி ரீங்காரம் போடுகிறது. மொத்தம் எத்தனை?

பாதிக் கூட்டத்தை வ² என்று வையுங்கள். முழுக் கூட்டம் 2வ². ஒன்பதில் எட்டுப் பங்கு 16வ²/9.

வ + 16வ²/9 + 2 = 2வ²

ஒன்பதால் பெருக்கு. 9வ + 16வ² + 18 = 18வ². அதாவது 2வ² − 9வ − 18 = 0. வ = 6 அல்லது −1½. ஆறு என்றால் கூட்டம் 72. பாதி 36, அதன் மூலம் 6. ஒன்பதில் எட்டு 64. அறுபத்து நாலும் ஆறும் ரெண்டும் எழுபத்திரண்டு. −1½ என்றால் கூட்டம் நாலரை வண்டு. "அரை வண்டு எங்க மாமா பறக்கும்?" என்று சிரித்தாள். அதனால் அது கழிந்தது.

இன்னொன்று பீஜகணிதத்தில் வரும் குரங்குக் கணக்கு. எங்களுக்கு ரொம்ப நெருக்கம். மேற்கே மலை. மாங்காய் பிஞ்சு விட்டதும் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்து, ஒன்றைக் கடித்து ஒன்பதை உதறிவிட்டுப் போகும். எத்தனை வந்தது என்று ஒரு நாளும் எண்ண முடிந்ததில்லை. பாஸ்கரர் குரங்குகள் கொஞ்சம் ஒழுங்கானவை. கூட்டத்தில் அஞ்சில் ஒரு பங்கு எடுத்து, அதில் மூன்று கழித்து, வர்க்கம் பண்ணினால் வரும் அத்தனை குரங்கும் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. மொத்தம் கு என்றால்:

(கு/5 − 3)² + 1 = கு

விரித்து 25-ஆல் பெருக்கினால் கு² − 55கு + 250 = 0. விடை 50, இல்லையென்றால் 5. இரண்டும் முழு எண், இரண்டும் நேர் எண். ஆனால் அஞ்சு குரங்கு என்றால் அஞ்சில் ஒரு பங்கு ஒன்று. ஒன்றில் மூன்று கழித்தால் −2. குறை இரண்டு குரங்கை எங்கே தேடுவது? வர்க்கம் பண்ணும்போது அந்தக் குறை மறைந்துவிடுகிறது. அதனால்தான் விடை நல்ல பிள்ளை மாதிரி நிற்கிறது. பாஸ்கரரே அஞ்சைத் தள்ளிவிட்டு 50-ஐ எடுத்துக்கொள்கிறார். ஒரு பொருளின் எண்ணிக்கை குறையாக வருவதை ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம்.

இந்த இடத்தில் அவளுக்கு ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னம் உள்ள சமன்பாட்டில் விடையைத் தள்ளுவது இரண்டு விதம். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

முதல் விதம், கீழே இருப்பது பூச்சியமாகிவிடுவது. ம²/(ம − 3) = 9/(ம − 3) என்று ஒரு கணக்கு. ம − 3-ஆல் பெருக்கினால் ம² = 9. விடை 3, −3. ஆனால் 3-ஐ எடுத்துப் பழைய சமன்பாட்டில் வைத்தால் கீழே பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆகவே அந்த 3 விடையே இல்லை. நாம் பெருக்கியதால் நடுவில் புகுந்துகொண்ட ஆள். −3 மட்டும்தான் விடை. அதனால் பின்னத்தை எடுக்கும்போதே எந்த எண் வரக்கூடாது என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நம்ம கிணற்றுக் கணக்கில் ம என்பது 0 ஆகவும் கூடாது, −4 ஆகவும் கூடாது. 6-ம் −2½-ம் அந்த இரண்டும் இல்லை. ஆக, இரண்டுமே சமன்பாட்டுக்கு உண்மையான விடை.

இரண்டாவது விதம், சமன்பாட்டுக்குச் சரி, நாம் கேட்ட கேள்விக்கு ஒத்து வராது. இதையும் தள்ளத்தான் செய்வோம். ஆனால் தள்ளுவதற்கு முன்னால் அது என்ன சொல்ல வருகிறது என்று ஒரு தடவை காது கொடுத்துக் கேட்பது நல்லது.

"மைனஸ் ரெண்டரை மணி நேரத்துல தண்ணி இறைக்கிற மோட்டார் எங்கயாவது உண்டா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"இறைக்கிறதுக்கு எதிர் என்ன?"

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு மெதுவாக, "ரொப்புறது" என்றாள்.

ம = −2½ என்றால் ம + 4 என்பது 1½. ஒன்று ரெண்டரை மணி நேரத்தில் கிணற்றை ரொப்புகிறது. இன்னொன்று ஒன்றரை மணி நேரத்தில் இறைத்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்? இறைப்பது மணிக்கு 2/3 கிணறு, ரொப்புவது 2/5. கழித்தால் 10/15 − 6/15 = 4/15. அதே மூணே முக்கால் மணி நேரம்! அவளே போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "மாமா, ஊத்து!"

ஆமாம், ஊற்றுதான். அவர்கள் கிணற்றில் அத்தனை வேகமாகச் சுரக்கும் ஊற்று கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் மழை நன்றாகப் பிடித்த வருஷத்தில்கூட அப்படிச் சுரந்ததில்லை. ஆனால் நான் கணக்கில் சேர்க்காமல் விட்ட ஊற்றை, நான் தள்ளச் சொல்ல இருந்த விடை தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. ஒரு மோட்டாரும் ஓர் ஊற்றும் என்று கேட்டிருந்தால் இதுதான் விடை, 6-ஐத் தள்ள வேண்டியிருக்கும். எது சரி என்று கணக்கு சொல்லாது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த நாம்தான் சொல்ல வேண்டும்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். நாலு நாள் கழித்து அந்தப் பெண் வேறு ஒரு தாளைக் கொண்டுவந்தாள். நான் கேட்காத கேள்வியை அவளே கேட்டு, அவளே போட்டிருந்தாள்.

பெரியப்பா மோட்டார் மணிக்கு 1/6 கிணறு. அப்பா மோட்டார் 1/10. இரண்டும் மூணே முக்கால் மணி நேரம் ஓடுகின்றன. அப்படியானால் பெரியப்பா எடுப்பது 15/4 × 1/6 = 5/8. அப்பா எடுப்பது 15/4 × 1/10 = 3/8.

"பத்திரத்துல பாதிப் பாதின்னு இருக்கு மாமா. எங்களுக்கு மூணு அரைக்கால்தான் வருது. அவங்களுக்கு அஞ்சு அரைக்கால்."

நான் அந்தத் தாளை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் தண்ணி விஷயமாக எத்தனையோ வருஷமாகப் புகைச்சல். கடைசிப் பாத்திக்கு எங்களுக்குத் தண்ணி எட்ட மாட்டேங்குது என்று இவர் சொல்வார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் போடுறோம், ஒரே நேரத்துலதான் நிறுத்துறோம், இதுல என்ன வஞ்சனை என்று அவர் சொல்வார். இரண்டுமே பொய் இல்லை. நேரம் பாதிப் பாதிதான், தண்ணி பாதிப் பாதி இல்லை. கமலை இறைத்த காலத்தில் நேரமும் தண்ணியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும். மோட்டார் வந்த பிறகு இரண்டும் பிரிந்துபோனதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

தாளின் மறுபக்கத்தில் வழியையும் எழுதியிருந்தாள். இரண்டு மோட்டாரையும் ஒன்றாகவே போடலாம். பெரியதை மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்குள் அது பாதிக் கிணறு எடுத்துவிடும். சின்னது அதற்குள் எடுத்திருப்பது 3/10. மிச்சம் அஞ்சில் ஒன்று. அதை எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம். மொத்தம் அஞ்சு மணி நேரம், அவர்களுக்கும் பாதி. ஒன்றே கால் மணி நேரம் கூடுதலாகக் கரண்ட் வேண்டும், அவ்வளவுதான்.

அவள் அப்பா அன்றைக்கு ராத்திரியே வந்தார். "மாப்ள, இதை நான் கொண்டுபோய்க் கொடுத்தா சண்டைக்கு வந்தேன்னு நினைப்பாங்க" என்றார். கடைசியில் பெண்ணையே அனுப்பினோம். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "நீ போட்டதா?" என்று மட்டும் கேட்டாராம். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அவரே ஒரு கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு எடுத்து வந்துவிட்டார். கணக்கைத் தாளில் மட்டும் பார்த்து நம்புகிற ஆள் இல்லை அவர். அது எனக்குப் பிடித்திருந்தது.

சதுரக் கிணறு என்பதால் உயரத்தில் பாதி என்றால் தண்ணியிலும் பாதி. முடிச்சு எண்ணி, கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, பெரிய மோட்டாரை மட்டும் ஓட்டினோம். கோட்டுக்குத் தண்ணி இறங்க மூணு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆனது. அந்தப் பத்து நிமிஷம் ஊற்றின் வேலை. தண்ணி கீழே போகப் போக மோட்டாருக்கு ஏற்றம் கூடி இழுவை குறைவதும் அதில் சேர்த்தி. "பொண்ணு கணக்குல பத்து நிமிஷம்தான் பிசகு" என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இப்போது பெரிய மோட்டார் மூணேகால் மணி நேரத்தில் நிற்கிறது. பேசி முடித்தது மூன்று மணி நேரம், அந்தக் கால் மணி அண்ணன் மரியாதை. தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் பாதியில் போய்விடும் நாட்களில் பழைய புகைச்சல் கொஞ்சம் எழும்பத்தான் செய்கிறது. அதற்குச் சமன்பாடு எழுத எனக்குத் தெரியாது. ஆனால் கடைசிப் பாத்திக்குத் தண்ணி எட்டுகிறது.

மில் வண்டிப் பேச்சை அவள் அப்பா இப்போது எடுப்பதில்லை. "கணக்கு குரூப்புக்கு ராஜபாளையம்தான் போகணுமா, இங்கனயே இருக்கா?" என்று போன வாரம் விசாரித்தார். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் திண்ணையில் அவளோடு இன்னும் ரெண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் பின்னக் கணக்கைப் பார்த்ததும் நோட்டை மூடப் போனான்.

"மூடாதே. கீழ என்னென்ன இருக்குன்னு முதல்ல எழுது" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.